நீலக் கயிற்று வலை

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு தீர்ப்பு உண்டு. அந்தத் தீர்ப்பு வந்தபோது எனக்கு எட்டு வயது. பிறகு படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், ஒரு பெண்ணையும் பெற்றேன். தீர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் வீட்டில் ஏதாவது ரகசியம் பேசவேண்டும் என்றால் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஊர் கூடியிருந்த இடத்தில், ஒரே மூச்சில், என் அத்தையின் கல்யாணத்தைக் கலைத்தவள் நான்.

அத்தை, நைனாவின் கடைசித் தங்கை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருந்ததால் வந்த பழக்கம். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். ஏரிக்கு வடக்கே இன்னொரு குப்பம். நடுவில் இருந்த தண்ணீருக்காக இரண்டு ஊருக்கும் பல வருஷச் சண்டை. ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. இந்த இடம் இந்தக் குப்பத்துக்கு, இந்த நாள் இவர்கள் முறை என்று சீட்டுப் போட்டுப் பிரித்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டில் வலை போட்டால் கூடப்பிறந்தவனே ஆனாலும் பஞ்சாயத்தில் நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கலாம் என்று இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சோடு பேச்சாக அத்தையையும் வடக்குக் குப்பத்துக்குப் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு முதல் மனைவி இறந்துபோய் இரண்டு பிள்ளைகள். தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தையைக் கேட்டார்களா என்றால், எழுபதுகளில் எங்கள் பக்கம் அப்படிக் கேட்கிற வழக்கமே கிடையாது. அத்தையும் வாயைத் திறக்கவில்லை. நிச்சயம் ஆன நாளிலிருந்து சிரிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள். கல்யாணப் பொண்ணுக்கு வெட்கம் என்று அம்மா எனக்கு விளக்கம் சொன்னாள். நான் நம்பினேன்.

இந்தக் கதையில் இன்னொருவர் மாமா, அம்மாவின் தம்பி. நைனாவுக்கு மாமாவைக் கண்டாலே ஆகாது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் கம்பெனிக் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்திருந்தன. மாமா வலையை மடித்துப் பரணில் போட்டுவிட்டு அங்கே கம்பி கட்டுகிற வேலைக்குப் போய்விட்டார். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, ஒரு சின்னக் கொக்கியால் முறுக்கி முடிச்சுப் போடுகிற வேலை. "அங்கயும் வலதான் கட்டிக்கினு கீறேன், இரும்புல கட்றேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நைனா சிரிக்கமாட்டார். ஏரியை விட்டுப் போனவன் அவருக்கு ஆளே இல்லை.

ஒரு வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் குப்பத்தில் பெண்கள் மீன் விற்பார்கள், கருவாடு காயவைப்பார்கள், கூடை சுமப்பார்கள். வலையை மட்டும் கட்டமாட்டார்கள். கீழே கிடக்கிற வலையைத் தாண்டினால்கூட நைனா கத்துவார். ஒரே ஒரு நாள் விலக்கு. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளை ஒரு முனையிலும் பெண் மறுமுனையிலும் எதிரெதிராக உட்கார்ந்து புது வலை தொடுப்பார்கள். இரண்டு பேரும் ஆளுக்கு நாலு வரிசை கட்டி நடுவில் சேர்ப்பார்கள், பெண்கள் கிண்டல் செய்வார்கள், பாயசம் கொடுப்பார்கள். எனக்குப் பாயசம் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. ஐப்பசி மழை ஒருநாள் விட்டிருந்தபோது, தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்கிவர அத்தை பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் போனாள். காவலுக்கு நான். காலையில் மீன் ஏற்றிப்போன தோணியில் போய் இறங்கினோம். டெய்லர் பித்தான் வைக்க நேரமாக்கிவிட்டார். நாங்கள் துறைக்கு வந்து பார்த்தால், வானம் கறுக்கிறது என்று எங்கள் ஊர்த் தோணிகள் எல்லாம் போய்விட்டிருந்தன. அந்த நேரத்தில்தான் பொன்னேரி பஸ்ஸிலிருந்து மாமா இறங்கினார். தலையில் தகரப் பெட்டி. பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஒரு நீல நைலான் கயிறு. கட்டட வேலையில் தார்ப்பாய் கட்டி மிஞ்சியது. சிநேகிதரிடம் ஒரு சின்னத் தோணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஏறுங்கள் என்றார்.

அத்தையும் மாமாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளமாட்டார்கள். கட்டிக்கொள்கிற முறை உள்ளவர்கள். அதிலும் இப்போது அத்தை நிச்சயமான பெண். அதனால் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போகவேண்டும்.

"உன் மாமனுக்குத் தோணி தள்றது இன்னும் ஞாபகம் கீதான்னு கேளுடி."

"உங்க அத்தைக்குப் பயமா இருந்தா பஸ் ஸ்டாண்டுல படுத்துக்க சொல்லு."

மூன்று பேரும் ஒரு கை நீளத்தில்தான் இருந்தோம். இருந்தாலும் நான் ஒவ்வொரு வார்த்தையையும் திரும்பச் சொன்னேன். எவ்வளவு பெரிய பொறுப்பு!

பாதி ஏரியில் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. ஆரணியாற்று வெள்ளம் வேறு ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தள்ளுகிற கழி கையை விட்டுப் போயிற்று. அதற்கப்புறம் தோணி எங்கே போகிறது என்பது தோணிக்கே தெரியாது. மழைச் சாரலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அத்தை என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெரியபாளையத்து அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் தோணி எதிலோ இடித்து அடிப்பலகை பிளந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றில் விழுந்து எழுந்து நடந்தால் ஒரு மணல்திட்டு. மூன்று பனைமரம், உப்புக்கரிக்கும் உமரிச்செடி, நண்டு வளை, வேறொன்றும் இல்லை. மாமா போய்த் தோணியையும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்.

கவிழ்த்த தோணிக்கு அடியில் அன்று ஒடுங்கினோம். வீட்டுக்கு வாங்கியிருந்த பொரியும் காராசேவும் இருந்தன. பெரியவர்கள் இரண்டு பேரும் பசிக்கவில்லை என்றார்கள். அப்படியா என்று எல்லாவற்றையும் நானே தின்றேன்.

மறுநாள் மழை விட்டிருந்தது. பசி விடவில்லை. மணலைத் தோண்டி ஊறிய தண்ணீரைக் குடித்தோம். உமரியைப் பச்சையாகத் தின்று பார்த்து நான் வாந்தி எடுத்தேன். மாமா லுங்கியை விரித்து மீன் அள்ளப் பார்த்தார். துணி தண்ணீரைத்தான் பிடித்ததே தவிர மீனைப் பிடிக்கவில்லை. கனத்துப்போன லுங்கியை அவர் இழுத்து முடிப்பதற்குள் மீன்கள் அந்தண்டை போய்விட்டன. திட்டுக்கும் சேற்றுக்கும் நடுவில் ஒரு சின்ன ஓடை. அதில் மடவை மீன்கள் துள்ளித் துள்ளி விழுந்தன. மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை, மீனைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்தேன். ஐயோ, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அத்தை பெட்டியைப் பார்த்தாள். "அது மேல சுத்திக்கினு கீறது இன்னா கயிறுன்னு கேளு."

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தயங்கினார். நாங்கள் ஒதுங்கியிருந்த தண்ணீர் வடக்குக் குப்பத்தாருடைய பாடு. பெண் கொடுக்கப்போகிற ஊரின் பாட்டிலேயே வலை போடுவதா என்று அவருக்கு யோசனை. அதைக் கேட்டு அத்தைக்குச் சொல்ல நான் திரும்பினேன்; வாயைத் திறப்பதற்குள் மறுபடி வாந்தி வந்துவிட்டது. மாமா யோசனையை விட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

கயிற்றின் நுனியைக் கம்பி கட்டும் கொக்கியால் குத்திப் பிரித்தார். உள்ளே மூன்று புரி. ஒவ்வொரு புரியையும் பிரித்தால் இன்னும் மெல்லிய இழைகள். அந்த இழைதான் வலை நூல். ஒரு நீளக் கயிற்றைப் பிரிக்காமல் மேல்கயிறாக வைத்து இரண்டு பனைமரத்துக்கு நடுவில் கட்டினார். பிறகு காய்ந்த பனைமட்டை ஒன்றை எடுத்துப் பிளந்து, ஒரே அகலத்தில் இரண்டு குச்சிகள் சீவி, மட்டிச் சிப்பியின் ஓட்டில் தேய்த்து வழவழப்பாக்கினார். அது அளவுக் குச்சி. நூலை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு உருவினால், வலையின் ஓட்டைகள், நாங்கள் கண்ணி என்போம், எல்லாம் ஒரே அளவில் வரும். யார் கட்டினாலும் வித்தியாசம் தெரியாது. நைலான் நூல் வழுக்கும் என்பதால் ஒவ்வொரு முடிச்சையும் இரட்டையாகப் போட்டு, எச்சில் தொட்டுப் பல்லால் இழுத்து இறுக்கவேண்டும்.

மாமா கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். உச்சிப்பொழுது தாண்டியும் ஒரு முழம் நகரவில்லை. சாயங்காலம் தண்ணீர் வடியும்போது ஓடையில் வலை நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கும் பட்டினி. நான் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்ததால் பக்கத்தில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். பீடி டப்பாவுக்குள் இருந்த தீப்பெட்டி நனையாமல் தப்பித்திருந்தது. அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்து போய் மேல்கயிற்றின் மறுமுனையில் உட்கார்ந்து நூலைக் கையில் எடுத்தாள்.

"தொடாத" என்றார் மாமா. "ஊர்ல தெரிஞ்சா பெரிய பேஜாராயிடும்."

"கொயந்த சுருண்டுக்கினு கீது. உன் பேஜார அப்பால பாத்துக்கலாம்."

அவர்கள் நேராகப் பேசிக்கொண்டதை நான் அப்போதுதான் முதல்முறை கேட்டேன். என் வேலை போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

மாமா இரண்டாவது அளவுக் குச்சியை அத்தையிடம் நீட்டினார். "அப்போ இத்த வச்சிக் கட்டு. ரெண்டும் ஒரே அளவு. கண்ணி ஒண்ணா வந்துட்டா நானே கட்டினேன்னு சொல்லிக்கலாம்." தன்னுடைய குச்சியையும் அங்கேயே வைத்துவிட்டு, வலைக்கு அடியில் கனத்துக்குக் கட்ட மட்டி ஓடு பொறுக்கப் போனார்.

அத்தை இரண்டு குச்சிகளையும் கையில் வைத்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நெருப்பில் போட்டாள். நான் நெருப்புக்கு இந்தப் பக்கம் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், எனக்குக் குளிருகிறது என்று போடுகிறாள் என்று நினைத்தேன். காய்ந்த மட்டை, பட்டென்று பிடித்துக்கொண்டது.

மாமா மடி நிறைய மட்டி ஓட்டோடு வந்தார். "குச்சி எங்க?"

"அடுப்புல போயிடுச்சி."

மாமா நெருப்பைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அத்தை தன் மூன்று விரலை நீட்டி, அதில் நூலைச் சுற்றி, முதல் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். எங்கே கற்றுக்கொண்டாளோ, நைனாவைவிட வேகம். இன்னொரு குச்சி சீவ மாமாவுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சீவவில்லை. அவரும் விரலால் அளந்து கட்ட ஆரம்பித்தார். அவருக்கும் பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுடைய விரல் இரும்பு முறுக்கித் தடித்த விரல். அவர் கண்ணியில் ஒரு வாழைக்காய் நுழையும். அத்தையுடையது அதில் பாதி. இரண்டு முனையிலிருந்தும் கட்டிக்கொண்டு வந்து நடுவில் சேரும்போது ஒரு சாண் இடைவெளி இருந்தது. நான் சும்மா இருப்பேனா? எனக்கு எனக்கு என்று அழுது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டேன். கட்டுகிறவர்களைப் பார்த்தே பழகிய கை, முடிச்சு வந்துவிட்டது. என் மூன்று விரல் எவ்வளவு இருக்கும்! மொத்தத்தில் வலை ஒரு பக்கம் தொங்கி, ஒரு பக்கம் சுருங்கி, நடுவில் சூம்பி, சரியாகத் தைக்கத் தெரியாதவள் தைத்த பாவாடைபோல் இருந்தது.

ஓடையின் வாயில் கட்டினோம். தண்ணீர் வடிந்தது. வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துப் பார்த்தால் ஐந்து மடவை, கை நீளத்துக்கு, செவுளில் சிக்கித் தொங்கின. ஐந்தும் அத்தையின் பக்கத்தில். என் பங்கில் ஒரு நண்டும் விரல் நீளப் பொடிமீனும். மாமா பக்கத்தில் பாசி.

"மாமா கட்னது மீனு போறதுக்கு வாசப்படி!" என்றேன்.

அத்தை சிரித்தாள். மூன்று மாதமாக மூட்டை கட்டி வைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்ட மாதிரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மீனைத் தணலில் சுட்டுத் தின்றோம். ஏரித் தண்ணீரில் கழுவியதால் உப்பும் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த மடவைக்கு ஈடாக எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் புகையைப் பார்த்துவிட்டு ஒரு தோணி வந்தது. வடக்குக் குப்பத்து ஆட்கள் மூன்று பேர். புயலில் தங்கள் பாட்டில் என்னென்ன போயிற்று என்று பார்க்க வந்தவர்கள். முதலில் ஓடையில் நின்ற வலையைப் பார்த்து முகம் மாறினார்கள். அப்புறம் அத்தையை அடையாளம் கண்டு பதறிப்போய்க் கஞ்சி கொடுத்தார்கள். எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள், வலையையும் ஏற்றிக்கொண்டார்கள். பாட்டில் சிக்கிய வலை பஞ்சாயத்துக்கு வந்தாகவேண்டும், அதில் கல்யாணப் பெண் என்றெல்லாம் விலக்கு இல்லை.

தோணியில் மாமா என்னிடம் குனிந்து, வலை யார் கட்டியது என்று கேட்டால் மாமாதான் என்று சொல்லவேண்டும் என்றார். சரி என்றேன். வடக்குக் குப்பத்தில் கரை ஏறியதும் அத்தை என்னை உட்காரவைத்து விரலாலேயே தலைகோதிச் சடை பின்னினாள். பின்னிக்கொண்டே, "நடுவுல நீ கட்டின எடம் கீதே, வலையிலயே அதாண்டி அயகு. எவன் இன்னா சொன்னாலும் வுட்டுக் குடுக்காத" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானத்துக்குள் தகவல் போய் நைனா, அம்மா, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு கதறி, பெரியபாளையத்துக்கு வேப்பிலை ஆடை கட்டுவதாக என் சார்பில் வேண்டிக்கொண்டதைச் சொன்னாள். அம்மன் கோயில் எதிரில் கூட்டம் உட்கார்ந்தது. மாப்பிள்ளை ஓரமாக, மடியில் சின்னப் பிள்ளையோடு இருந்தார். என் பாவாடை ஈரமாக இருப்பதைப் பார்த்துத் தன் துண்டை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டவர் அவர்தான்.

வடக்குக் குப்பத்துப் பெரியவர் நல்ல மனிதர். எடுத்த எடுப்பில், பசிக்குப் பிடித்த மீனுக்குத் தண்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார். நைனா மூச்சு விட்டார். எல்லாம் அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் வலைக்காரர் கையில் ஒரு வலை கிடைத்தால் சும்மா வைப்பாரா? எடுத்து விரித்து, கண்ணிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"யாருப்பா கட்டினது?"

"நான்தான்" என்றார் மாமா. "அவங்க ரெண்டு பேரும் அந்தக் கோடியில இருந்தாங்க."

"ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சிறுசு. ஒரு கை மாதிரி தெரியலயே."

"பசியில கட்டினதுங்க. முன்ன பின்ன இருக்கும்."

பெரியவர் அதையும் ஒத்துக்கொண்டு தலையாட்டினார். வலையை மடிக்கப் போனவர் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். "இது இன்னாடா, எலி பல்லால கட்டினாப்ல கீது!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையின் பிள்ளைகள்கூடச் சிரித்தன. எனக்கு வந்ததே கோபம்! போர்த்தியிருந்த துண்டை வீசிவிட்டு எழுந்தேன்.

"அது எலி இல்ல, நான் கட்டினது! மாமா கட்டினதுல ஒரு மீன்கூட மாட்டல. எல்லா மீனும் அத்த கட்டின பக்கந்தான் மாட்டிச்சி!"

சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவர் வலையைத் தரையில் வைத்தார்.

"எதிரெதிரா குந்திக்கினா கட்டினாங்க?"

"ஆமா" என்றேன். இவ்வளவு தூரம் வந்தபிறகு பாதியில் நிறுத்துவானேன். பின்னால் நின்ற அத்தையின் கை என் தோளில் இருந்தது.

அம்மா தலையில் கைவைத்தாள். நைனா எழுந்துவிட்டார். பெரியவர் மாமாவைப் பார்த்தார். வலை தொடுத்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். "ஏம்பா, நீ வலக்காரன் ஊட்டுப் புள்ளதானே? ஒரு அளவுக் குச்சி சீவிக் குடுத்திருந்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே. குச்சி இன்னா ஆச்சி?"

மாமா வலையை மடிக்கக் குனிந்தார். எனக்கோ பதில் தெரியும். தெரிந்த பதிலை வைத்துக்கொண்டு நான் என்றைக்குச் சும்மா இருந்தேன்? வாயைத் திறந்தேன். அதற்குள் என் புஜத்தில் அத்தை ஒரு கிள்ளு கிள்ளினாள். சதையைப் பிடித்து முறுக்கின கிள்ளு. வீலென்று அலறி அழ ஆரம்பித்தேன். அந்த அழுகையில் பதில் காணாமல் போயிற்று.

"குச்சி கெடைக்கல பெரிப்பா" என்றாள் அத்தை. அந்தப் பஞ்சாயத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

பெரியவர் மற்ற பெரியவர்களைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினார். கடைசியில், இது பசி செய்த வேலை, இதில் யார் மேலும் குற்றம் இல்லை, பாட்டைப் பற்றிப் பேசின பேச்சு பேசினபடியே நிற்கும், ஆனால் ஒருத்தனோடு எதிரே உட்கார்ந்து வலை தொடுத்துவிட்ட பெண்ணை இன்னொருத்தன் வீட்டுக்கு எப்படி அழைப்பது என்றார். மாப்பிள்ளை எழுந்தார். "கொயந்த பட்டினியா கெடந்தா யாரா இருந்தாலும் கட்டித்தான் இருப்பாங்க. வுடுங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் துண்டு என் காலடியில் கிடந்தது.

பெரியபாளையத்து அம்மனைக் கும்பிட்ட அதே கையால் அம்மா எனக்கு அடி கொடுத்தாள், வீடு வரைக்கும். நைனா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. வாயால்தானே வந்தது வினை என்று வாயைப் பூட்டினேன். எட்டாம் நாள் தாங்க முடியாமல் திறந்துவிட்டேன். புஜத்தில் அந்தக் கிள்ளு முதலில் சிவந்து, நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாக மறைந்தது. தினமும் எடுத்துப் பார்ப்பேன். கல்யாணத்தைக் கெடுத்ததற்கு அத்தை கொடுத்த தண்டனை என்று எனக்குத் தெரியும். நியாயமான தண்டனைதான்.

தை மாதம் அத்தையை மாமாவுக்கே கட்டிவைத்தார்கள். வேறு வழி? ஊருக்குத் தெரிந்துபோன பிறகு நைனா பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். மூன்றாம் நாள் வலை தொடுக்கும் சடங்கு வேண்டாம், அதுதான் முன்னாலேயே ஆகிவிட்டதே என்று பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் மட்டும் தோணி மறைவில் உட்கார்ந்து அழுதேன். தங்கமான மாப்பிள்ளை போய், என் வாயால் அத்தைக்கு வலை இல்லாத புருஷன் வந்துவிட்டாரே! பரிகாரமாக என்னிடம் இருந்த ஒரே சாட்டின் ரிப்பனை, சிவப்பு, அத்தையின் துணி மூட்டைக்குள் ஒளித்துவைத்தேன்.

கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை எடுத்து அவர்கள் இருந்தார்கள். லீவுக்குப் போவேன். மாமா சிமெண்ட் தூசியோடு வருவார். அத்தை தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டே எதையாவது சொல்வாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். அத்தை சிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், என் மனம் நோகக்கூடாது என்று எப்படிச் சமாளிக்கிறாள் பார் என்று நினைப்பேன்.

பிறகு எனக்கும் வயதாயிற்று. இது குடும்பத்தில் சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிட்டது, நானே நடித்துக்காட்டுவேன். என் மகளுக்கு எட்டு வயதானபோது அவளுக்கும் சொன்னேன். எலிப் பல்லுக்கு அவள் சிரிக்கவில்லை.

"ஏம்மா, அங்க எரிக்க வேற கட்டையே இல்லியா?" என்றாள்.

இருந்ததே, என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் நாளே மாமா தோணிக்கு அடியில் இழுத்துப்போட்ட காய்ந்த மட்டை, என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. அத்தை கையை நீட்டினால் எட்டும். அவள் அதை விட்டுவிட்டு அந்த இரண்டு குச்சியை ஏன் போட்டாள்? நான் கதையை அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தக் கிள்ளு எப்போது விழுந்தது என்பதை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரெதிரே உட்கார்ந்து கட்டினார்களா என்றதற்கு நான் ஆமா போட்டபோது அத்தையின் கை என் தோளில் பேசாமல்தான் இருந்தது. குச்சியைப் பற்றி வாயைத் திறந்தபோதுதான் கிள்ளினாள். குச்சி எரிந்த கதை வெளியே வந்திருந்தால் அது பசி செய்த வேலையாக இருந்திருக்காது. குற்றம் அத்தை மேல் விழுந்திருக்கும், பாட்டுச் சண்டை மறுபடி கிளம்பியிருக்கும். இது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு வயதுக்காரியை எதைச் சொல்லவிட வேண்டும், எதைச் சொல்லவிடக் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அத்தை கால்நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாமா உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அத்த, அந்தத் திட்டுல நீ நெருப்புல போட்ட குச்சி..." என்று ஆரம்பித்தேன்.

அத்தை கீரையை நிறுத்தவில்லை. கடைசிக் கொத்தையும் உருவி முடித்து, காம்பையெல்லாம் ஒதுக்கி வைத்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் ரவிக்கைக் கைக்குக் கீழே, சரியாக அந்த இடத்தில், கட்டை விரலால் மெதுவாகத் தேய்த்தாள்.

"ரொம்ப வலிச்சிச்சாடி?" என்று கேட்டாள்.